வடக்குப் பக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை

அந்தச் சுவரை அடுக்கியவன் நான்தான் என்று மேலதிகாரியிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் அவகாசம் இருந்தது. ஒன்பது நாளும் நான் செய்தது, தொண்டையைச் செருமியது மட்டும். ஐந்தாம் நாள் என் மனைவி இருமல் மருந்து வாங்கி வந்துவிட்டாள். அதையும் குடித்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது கசப்புக் குறைவு.

நான் காவலாளி. எதற்குக் காவல் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கல்குவியலுக்கு. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் செத்துப்போயிருக்கிறார். பலகைக் கற்களால் ஓர் அறை செய்து அவரை உள்ளே வைத்து, மேலே ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கல்லைக் கொட்டி, சுற்றிலும் நாற்பத்தாறு பெரிய கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். பெரிய மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் செத்தால் என் மச்சினன் ஒரு கல்லாவது தூக்குவானா என்பது சந்தேகம். படித்தவர்கள் இதைக் கற்குவை என்கிறார்கள். வேலியில் ஒரு நீலப் பலகை தொங்குகிறது: 'பாதுகாக்கப்பட்ட சின்னம். இங்கிருந்து கல்லை எடுப்பதும், இங்கே கல்லை வைப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.' வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பலகையைத் துடைப்பவன் நான். அந்த இரண்டு குற்றத்தையும் செய்தவனும் நான்தான்.

வேலிக்கு உள்ளேயே, கதவோரம், தொல்லியல் துறை கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீடு. அதில் நானும் மனைவியும். வேலை போனால் அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை இதுதான். காலை எட்டு மணிக்குக் குவையை ஒரு சுற்றுச் சுற்றி, வட்டக் கற்களை எண்ணி, பதிவேட்டில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற நான்கு கட்டங்களிலும் பார்த்ததை எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாக நான்கிலும் நான் எழுதியது ஒரே வரி. மாற்றம் எதுவும் இல்லை. மூவாயிரம் வருடம் நகராத கல் நேற்று ராத்திரி மட்டும் எங்கே போயிருக்கப் போகிறது? அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. முதலில் எழுதிவிடுவது. அப்புறம் டீ. அப்புறம் சுற்றுவது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மழை நான்கு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், அப்படித்தான் எழுதினேன், டீ குடித்தேன், சுற்றப் போனேன். கிழக்கில் மாற்றம் இல்லை. தெற்கில் இல்லை. மேற்கில் இல்லை. வடக்குப் பக்கத்தைக் காணோம்.

வடக்கில்தான் உள்ளறைக்குப் போகும் வழி இருக்கிறது. தவழ்ந்துதான் போக முடியும். இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஒவ்வொரு பலகைக் கல், அவற்றின் தலையில் குறுக்கே ஒரு மூடுகல். மேலே இருந்த கற்கள் மழையில் சரிந்திருந்தன. இடப்பக்கத்துப் பலகைக் கல் முறிந்து விழுந்திருந்தது. மூடுகல் ஒரு தோள் இறங்கியவனைப் போலச் சாய்ந்து நின்றது.

ஒழுங்கான காவலாளி உடனே தலைமையகத்துக்குப் போன் செய்திருப்பான். எனக்கோ பதிவேடுதான் ஞாபகம் வந்தது. பக்க எண் அச்சடித்த புத்தகம் அது. அடித்தல் திருத்தல் கூடாது, பக்கம் கிழித்தல் கூடாது என்று அட்டையிலேயே சிவப்பில் போட்டிருக்கும். அதில், நீல மையில், என் கையெழுத்தில், 'வடக்கு: மாற்றம் எதுவும் இல்லை' என்று ஈரம் காய்ந்து கிடந்தது. பார்க்காமல் எழுதியவன் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பதிவேட்டைத் திருத்த வழியில்லை. அதனால் கற்குவையைத் திருத்தினேன்.

'பாம்பு நடமாட்டம்' என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிவிட்டு, நான்கு நாள் வேலை பார்த்தேன். மச்சினன் மெக்கானிக். அவனுடைய ஒர்க்ஷாப்பிலிருந்து சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு ஆயில் ஜாக்கியை வாங்கி வந்தேன். மூடுகல்லின் இடது முனையைத் தூக்கி நிறுத்தி, சரிந்த கற்களை அதன் அடியில் அடுக்கி, வாசல் முழுவதையும் அடைத்தேன். ஜாக்கியை எடுக்கலாம் என்று திருகைத் தொட்டபோது தலைக்கு மேல் கல் ஒரு முனகல் முனகியது. கையை இழுத்துக்கொண்டேன். ஜாக்கி அங்கேயே இருக்கட்டும் என்று அதையும் மறைத்து அடுக்கினேன். சோற்றில் பூசணிக்காயை மறைத்தவனைத்தான் உலகத்துக்குத் தெரியும். சமாதியில் ஜாக்கியை மறைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு பதினோரு வருடம் ஓடியது. நான் கெட்டிக்காரன் இல்லை. யாரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் வந்து பார்த்தார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேலதிகாரி. மனிதர்களை விடக் கற்களிடம் மரியாதையாகப் பேசுகிறவர். இன்னொருத்தி அவருடைய உதவி ஆய்வாளர், இருபத்தாறு இருபத்தேழு வயசுப் பெண், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் ஒரு அளவு டேப் தொங்கும். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பாள். நான் அவளுக்கு வைத்த பெயர் டேப்பு. மனசுக்குள் வைத்த பெயர்தான், இரண்டாம் நாளே வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சாப்பாட்டு டப்பாவை அளந்தாள்.

"அண்ணே, பதினஞ்சு சென்டிமீட்டர்தான் டப்பா. இதைச் சாப்பிட்டா எப்படி இந்தத் தொப்பை வரும்?"

"அது பழைய கட்டுமானம்மா. பாதுகாக்கப்பட்ட சின்னம். தொடக் கூடாது."

அவள் சிரித்ததில் புரையேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இங்கே சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

முதல் நாளே மேலதிகாரி வடக்குப் பக்கம் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த அடுக்கைப் பாருங்க. மத்த மூணு பக்கமும் கொட்டின கல்லு. இங்க மட்டும் ஒவ்வொண்ணா தேர்ந்தெடுத்து வச்சிருக்காங்க."

"வாசலை அடைச்ச சுவரா சார்?" என்றாள் டேப்பு.

"அடைச்ச சுவர் இல்லம்மா. விடை கொடுத்த சுவர். கடைசியா ஒருத்தன் இங்க உட்கார்ந்து, ஒரு கல்லு விடாம தடவிப் பார்த்து வச்சிருக்கான். எவ்வளவு துக்கம் இருந்தா இவ்வளவு பொறுமை வரும்."

துக்கம் இல்லை, பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். செருமல்தான் வந்தது. துண்டை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவன் என்று என் மனைவி இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கையை ஒருவர் புகழ்ந்தபோது, வெட்கக்கேடு, ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே அது சுருங்கியது. ஏனென்றால் அவர் சொன்னார்: "இதைத் திறக்கிறோம். ஒன்பதாம் நாள். ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்கு வலது ஓரத்துல மட்டும் கல்லை எடுத்தா போதும்."

தவழ்ந்து போகும் அளவுக்கு ஒல்லியான ஆள் அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

அன்று முதல் என் கதை திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. முதல் ஏழு நாள் என் பயமெல்லாம் ஜாக்கியைப் பற்றித்தான். அதைப் பார்த்துவிடுவார்கள், வேலை போகும், வீடு போகும், பேப்பரில் போடுவார்கள், மனைவி படிப்பாள். அந்தப் பயத்தில் ஒரு சுகம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அது என்னைப் பற்றி மட்டுமே இருந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் மச்சினனைப் பார்க்கப் போனேன். ஒரு காரின் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. என் செருப்பைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க மாமா. ஜாக்கி கொண்டு வந்தீங்களா?"

பதினோரு வருடமாக அவன் எனக்குச் சொல்கிற வணக்கம் அதுதான். கல்யாண வீட்டிலும் கேட்பான், சாவு வீட்டிலும் கேட்பான்.

"மாப்ள, ஒரு சந்தேகம். ஒரு ஜாக்கியைத் தூக்கின நிலையிலயே விட்டா எவ்வளவு நாள் தாங்கும்?"

"எந்த ஜாக்கி?"

"சும்மா, பொதுவா."

"பொதுவான ஜாக்கின்னு ஒண்ணு கிடையாது மாமா. என்னோட சிவப்பு ஜாக்கியா?"

அவன் காரின் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"அது ஆயில் கசியுற ஜாக்கி. சீல் போயிடுச்சு. ராத்திரி தூக்கி வச்சா காலைல தரையில இருக்கும். மாத்தணும்னுதான் அவசரமா திருப்பிக் கேட்டேன். நீங்க எதைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அப்போ அது இப்ப எதையும் தாங்கலையா?"

"பதினோரு வருஷமா? அது எப்பவோ படுத்திருக்கும். மேல இருக்கிறதை வேற ஏதோ தாங்கிட்டு நிக்குது."

வேறு எது என்று எனக்குத் தெரியும். வாசலை அடைக்க நான் அடுக்கிய கல். முறிந்த பலகைக் கல்லின் இடத்தில், அத்தனை எடையையும் வாங்கிக்கொண்டு நிற்பது என் சுவர். துண்டு மடிக்கத் தெரியாதவனின் சுவர். அதில்தான் நாளைக்குப் பாதியைப் பிரிக்கப் போகிறார்கள்.

"மாமா, உட்காருங்க. முகம் வெளுத்துப் போச்சு," என்றான் மச்சினன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, நான் கிளம்பும்போது அவன் ஜாக்கியைக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, போட்டோ எடுப்பார்கள் என்று மனைவி என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பட்டனைப் போட என் விரலுக்கு வரவில்லை. அவளே போட்டுவிட்டாள். "என்னங்க, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள். இருமல் என்றேன். எட்டு மணிக்குப் பதிவேட்டை எடுத்தேன். கை தானாக எழுதியது. நான்கு கட்டம். மாற்றம் எதுவும் இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வடக்குப் பக்கம் போனேன். தார்ப்பாய் விரித்திருந்தார்கள். கற்களில் சாக்பீஸால் எண் போட்டிருந்தது. டேப்பு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், வேண்டாம் சார். உள்ள பாம்பு இருக்கும்."

மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். "பத்தொன்பது வருஷத்துப் பதிவேட்டையும் வரி விடாம படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். பாம்புன்னு ஒரு வார்த்தை இல்லையே."

"அது வந்து சார்..."

"இந்தப் பக்கத்தைத் திறக்கலாம்னு எப்படி முடிவு பண்ணோம்னு நினைக்கிறீங்க? வேற இடத்துல எல்லாம் காவலாளிங்க சரிவு, விரிசல்னு எழுதி வச்சிருப்பாங்க. நீங்க ஒரு நாள் கூட எழுதலை. அவ்வளவு உறுதியா நிக்குது. உங்க பதிவேட்டை வச்சுத்தான் அனுமதியே வாங்கினேன்."

"அண்ணே எழுதினதுன்னா எனக்கும் போதும்," என்றாள் டேப்பு, விளக்கை எரித்து அணைத்துப் பார்த்தபடி.

மறுபடி செருமினேன். மேலதிகாரி முதல் கல்லை எடுக்கக் குனிந்தார். அது ஒரு முழத்துக்கு மேல் நீளமான கல், வாசலின் மேல்பக்கம் குறுக்காக இருந்தது. அதற்கு ஒன்று என்று எண் போட்டிருந்தார். அந்தக் கல் எனக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்க அடுக்கு வலப்பக்கம் சாயப் பார்த்தபோது, அதற்கும் வலப்பக்கப் பலகைக் கல்லுக்கும் நடுவில் இதைக் குறுக்கே கொடுத்துக் குதிகாலால் உதைத்து இறுக்கினேன்.

"சார், அந்தக் கல்..."

"என்ன?"

"கனமா இருக்கும்."

இதைத்தான் சொன்னேன். ஒன்பது நாள் யோசித்துவிட்டு, ஒரு உயிர் அந்தக் கல்லில் தொங்கும்போது, இதைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கல்லை ஆட்டி உருவினார். மேலே எதுவும் அசையவில்லை. அடுத்து இரண்டு, மூன்று, நான்கு. அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நான் தார்ப்பாயில் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டாவது கல்லோடு ஓட்டை தயார். ஒரு நாற்காலியின் கால்களுக்கு நடுவே இருக்கிற அளவு இடம். உள்ளே இருட்டு. மண்வாசனையோடு ஒரு குளிர்ச்சி முகத்தில் அடித்தது.

எதுவும் அசையவில்லையே, ஒருவேளை தாங்கும் என்று மனசு சொன்னது. பயந்தவனின் மனசு வக்கீலைவிட நன்றாக வாதாடும். அவள் குப்புறப் படுத்தாள். தலை போயிற்று. தோள் போயிற்று. முழங்கை ஊன்றி ஊன்றி இடுப்பு வரை போனாள். வெளியே இரண்டு கால் மட்டும். நேற்று மச்சினனின் கால் தெரிந்த மாதிரியே.

"சார்," என்றது உள்ளிருந்து குரல். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. "இடது பக்கம் இரும்புல ஏதோ இருக்கு."

மேலதிகாரி தார்ப்பாயில் மண்டி போட்டுவிட்டார். "இரும்பா? நல்லாப் பாரும்மா. ஆயுதமா? எவ்வளவு நீளம்?"

"ஆயுதம் மாதிரி இல்ல சார். உருண்டையா, கீழ அகலமா..." அவள் கால் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. "சார், சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கு."

அவர் முகம் என் பக்கம் திரும்புவதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு. மூடுகல்லின் இடது முனைக்குக் கீழே இருந்து, மணல் ஒரு நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய நூல். நின்றது. மறுபடி இறங்கியது. பிறகு, பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம், கல்லுக்குள்ளிருந்து.

"அதைத் தொடாதம்மா," என்றேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. "அது என் மச்சினனோட ஜாக்கி. இந்தச் சுவர் நான் அடுக்கினது. மேல் கல்லைத் தாங்குறது இதுதான். எதையும் தொடாம மெதுவா பின்னால வா."

சொல்லிக்கொண்டே குப்புற விழுந்தேன். அவளுடைய கால்களுக்கு மேலே இருந்த இடைவெளியில் இரண்டு கையையும் விட்டு, இடப்பக்க அடுக்கின் விலாவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். அடுக்கு வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நகர்வு. ஆனால் கைக்குத் தெரிந்தது, வாசல் கதவை மறுபக்கத்திலிருந்து யாரோ பொறுமையாகத் தள்ளுவது போல.

"சார், ஒண்ணாம் நம்பர் கல்லைக் கொண்டாங்க."

அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"முதல்ல எடுத்தீங்களே, அந்த நீளக் கல்லு. ஓடுங்க சார்."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அதிகாரி நான் சொல்லி ஓடினார்.

"அண்ணே," என்றாள் உள்ளே இருந்தவள். குரல் உடைந்திருந்தது. "பின்னால வர முடியலை. டேப் மாட்டிக்கிச்சு. அந்த ஜாக்கிக் கைப்பிடியில."

அவள் இழுத்தால் ஜாக்கி புரளும், புரண்டால் அடிக் கல் போகும். அவள் கால்கள் உதறுவதை என் முழங்கை உணர்ந்தது. பயந்த ஆள் இழுக்கத்தான் செய்வான். இழுக்காதே என்று சொல்லி எந்தப் பயத்தை நிறுத்த முடியும்? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன்.

"டேப்பு, இழுக்காத. அந்த ஜாக்கியோட கதையைக் கேளு. பதினோரு வருஷமா என் மச்சினன் அதைக் கேட்டுட்டிருக்கான். எனக்கு ஆபரேஷன் ஆன அன்னைக்கு வந்தான். டாக்டர் கிட்ட என்ன கேட்டான் தெரியுமா?"

"என்ன?" அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வயித்துக்குள்ள ஒரு ஜாக்கி இருந்துச்சா பாத்தீங்களான்னு கேட்டான். உன் வலது கை சும்மாதான இருக்கு? பெல்ட் பக்கிளுக்குக் கொண்டு போ. டேப்பை விட்டுடு, பெல்ட்டையே அவுத்துடு. டாக்டர் பயந்துட்டாரு. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிட்டாரு."

"பொய்தானே அண்ணே."

"பாதிப் பொய். பக்கிள் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

மேலதிகாரி கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் விழுந்தார். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு முனை வலப்பக்கப் பலகைக் கல்லில், மறுமுனை என் கைக்கு மேலே அடுக்கில். கல் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பொருந்தியது. பக்கத்தில் கிடந்த பன்னிரண்டாம் நம்பர் கல்லால் தட்டச் சொன்னேன். மூவாயிரம் வருடத்துச் சின்னத்தை அவர் தன் கையால் தட்டினார். உள்ளங்கையில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தது.

"இப்ப வாம்மா. மெதுவா. ஓட்டப் பந்தயம் இல்லை."

வந்தாள். கால், இடுப்பு, தோள், கடைசியாகத் தலை. முழங்கையெல்லாம் ரத்தம். மேலதிகாரி அவளை இழுத்துத் தார்ப்பாயில் போட்டார். நான் கையை எடுத்துக்கொண்டு பின்னால் உருண்டேன். நாலைந்து மூச்சு விட்டிருப்போம். மூடுகல் இறங்கியது. பெரிய சத்தமில்லை. பெரியவர் ஒருவர் களைத்துப்போய் நாற்காலியில் உட்காருகிற சத்தம். ஒன்றாம் நம்பர் கல் நடுவில் இரண்டாக முறிந்தது. ஓட்டையிலிருந்து புழுதி வந்து எங்கள் முகத்தில் படிந்தது. பிறகு பார்த்தபோது, அவள் படுத்திருந்த இடத்தில் நான்கு விரல் நுழைகிற இடைவெளிதான் இருந்தது.

டேப்பு தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அங்கே டேப் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மேலதிகாரி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விடை கொடுத்த சுவரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் படத்தோடு அனுப்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். நேரில் சோதித்தேன், உறுதியாக இருக்கிறது என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை," என்றார் கடைசியில், கல்லைப் பார்த்தபடி.

"ஆகலை சார்."

"இந்தக் கல்லையெல்லாம் வச்சு மறுபடி அடைச்சிடலாம். உள்ள போக வழியில்லைன்னு நான் எழுதிடுறேன்." தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரிந்த செருமல். "பதிவேட்டுல காலைல என்ன எழுதினீங்க?"

"மாற்றம் எதுவும் இல்லைன்னு."

"அது அப்படியே இருக்கட்டும்."

வேலை இருக்கும். வீடு இருக்கும். மனைவிக்குத் தெரியாது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். சரி சார் என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அப்போது டேப்பு மூக்கை உறிஞ்சினாள். என்னைக் குற்றம் சாட்டுகிற பார்வை எதுவும் இல்லை. முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் என்னுடைய மூன்று வார்த்தையை நம்பித் தலையை உள்ளே விட்டாள். அந்த வார்த்தைகள் அப்படியே இருந்தால், பத்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து, வரி விடாமல் படித்துவிட்டு, இன்னொரு ஒல்லியான ஆளை அனுப்புவார். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். ஜாக்கிக் கதை சொல்ல ஆள் இருக்காது.

எழுந்து வீட்டுத் திண்ணையில் கிடந்த பதிவேட்டை எடுத்து வந்தேன். தார்ப்பாயில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தைத் திறந்தேன். மேலதிகாரி, "அடித்தல் கூடாது," என்றார் மெதுவாக. மிரட்டலா வேண்டுதலா தெரியவில்லை. 'வடக்கு: மாற்றம் எதுவும் இல்லை' என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். கோணல் கோடு. கீழே எழுதினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் மழையில் சரிந்தது. பார்க்காமல் எழுதிவிட்டு, பயந்து, நானே அடுக்கினேன். இடப்பக்கப் பலகைக் கல் முறிந்திருக்கிறது. இன்று மூடுகல் இறங்கியது. உள்ளே ஒரு ஜாக்கி, ஒரு டேப், ஒரு பெல்ட் உள்ளன. யாரும் நுழையக் கூடாது. கட்டம் போதவில்லை. மேற்கிலும் தெற்கிலும் பொடி எழுத்தாக ஓடி, கிழக்கில் என் கையெழுத்து வந்து விழுந்தது.

டேப்பு பேனாவை வாங்கினாள். சாட்சி என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மேலதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்கவும் இல்லை, திருப்பவும் இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய், இருமல் மருந்து பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொட்டினாள். பிறகு அட்டைப் பெட்டி எத்தனை இருக்கிறது என்று பரணைப் பார்த்தாள். மச்சினன் வந்தபோது அவளே சொல்லிவிட்டாள். அவன் என் எதிரில் உட்கார்ந்தான்.

"ஆக, ஜாக்கி உள்ளதான் இருக்கு."

"இருக்கு. இனிமே அதை எடுத்தா குற்றம் மாப்ள. பலகையில போட்டிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "கல்லு உங்க மேல விழுந்திருந்தா?" என்றான். அப்புறம், "வேற ஜாக்கி நிறைய இருக்கு மாமா," என்றான்.

உத்தரவு வரும்வரை நான்தான் காவலாளி. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதிவேட்டைக் கையில் எடுத்தேன், பேனாவை எடுக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. வட்டக் கற்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். கிழக்கில் பதினொன்று. தெற்கில் பன்னிரண்டு. மேற்கில் பதினொன்று. மீதிப் பன்னிரண்டும் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருந்தன. காலடியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டேன். பிறகு வடக்குப் பக்கம் திரும்பினேன்.